குண்டுவீச்சு விமானத்தின் குழாயிலிருந்து பிறந்த பியானோ

மணியோசையின் மென்மையோடு ஒலிக்கும் ரோட்ஸ் மின்பியானோ 1970களின் ஜாஸ் இசையில் புகழ்பெற்றது. அதன் தொடக்கம் யுத்தகால வைத்தியசாலை என்று அறிந்த பிறகுதான் எனக்கு அதில் ஈடுபாடு வந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில், அமெரிக்க விமானப்படையில் இருந்த பியானோ ஆசிரியர் ஹரோல்ட் ரோட்ஸ், காயமடைந்த படையினருக்கு இசை கற்பித்தார். படுக்கையை விட்டு எழமுடியாதவர்கள் பியானோ முன் எப்படி அமர்வது? பி-17 குண்டுவீச்சு விமானங்களின் அலுமினியக் குழாய்களைக் கொண்டு, மடியில் வைத்து வாசிக்கக்கூடிய 29 சுரங்களுள்ள சிறு பியானோவை உருவாக்கினார். அதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை.

யுத்தத்தின் பின்னும் அவர் அதைக் கைவிடவில்லை. காலப்போக்கில் குழாய்களின் இடத்துக்கு மெல்லிய உருக்குக் கம்பிகள் வந்தன. கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தட்டும். அந்த அதிர்வை, மின்கிற்றாரில் உள்ளதைப் போன்ற காந்தச் சுருள் மின்சாரமாக மாற்றும். ஒலிபெருக்கி அதை நாதமாக்கும். 73 கட்டைகள் கொண்ட ரோட்ஸ் 1965இல் விற்பனைக்கு வந்தது. 1980களில் டிஜிட்டல் கருவிகள் பெருக, உற்பத்தி நின்றது. ஆனாலும் அந்த நாதம் இன்றைய கீபோர்ட்களிலும் இருக்கிறது.

குண்டுவீச்சு விமானங்களுக்கு அஞ்சிப் பதுங்குகுழிக்குள் ஓடியவர்கள் நாங்கள். காயம்பட்டவருக்கு மருந்தும் சாப்பாடும் போதும் என்று நினைத்துவிடுகிறோம். புதிதாகக் கற்றுக்கொள்ளவும் அவருக்கு ஏதாவது வேண்டும் என்பதை ரோட்ஸ் அன்றே உணர்ந்திருந்தார்.