தெருப் பூனை: விரட்டினால் தீராது, சேர்ந்து பார்த்தால் தீரும்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பேசி முடித்தபிறகு "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் நாகூர்ப் பக்கத்தில் அடிக்கடி வரும் பேச்சு பூனை. "காயப்போட்ட கருவாட்டை இழுத்துட்டுப் போயிடுது" என்பார் ஒருவர். "மாடிப்படிக்குக் கீழ அஞ்சு குட்டி போட்டிருக்கு, என்ன பண்றதுன்னு தெரியல" என்பார் இன்னொருவர். "புள்ளையை பிறாண்டிடுச்சு, ஊசி போடணுமா?" என்று கேட்பார் மூன்றாமவர். "பாவம், வாயில்லா ஜீவன்" என்று சொல்பவரும் அதே பாயில்தான் உட்கார்ந்திருப்பார். பூனை பிடிக்கும் என்பவருக்கும் பிடிக்காது என்பவருக்கும் இதில் ஒரே வழிதான் இருக்கிறது. அந்த வழியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம்ம ஊரில் பூனை ஏன் அதிகம்?

பூனை இரண்டு விஷயத்தைத் தேடி வரும். ஒன்று சாப்பாடு, மற்றொன்று ஒளிய இடம். நாகூரில் இரண்டுக்கும் குறைவில்லை. பட்டினச்சேரியில் மீன் இறங்குகிறது. மீன் மார்க்கெட்டில் தலையும் குடலும் கழிவாகிறது. கருவாடு காய்கிறது. தர்காவைச் சுற்றிய தெருக்களில் வருஷம் முழுக்க வெளியூர் ஜனங்கள், சாப்பாட்டுக் கடைகள். கந்தூரி நடக்கும் பதினான்கு நாளும் சாப்பாட்டு மிச்சத்துக்கு அளவே கிடையாது. பழைய ஓட்டு வீடு, பூட்டிக் கிடக்கும் வீடு, படகு மறைவு என்று குட்டி போட இடமும் ஏராளம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டைப் பூனை ஆறு மாதத்திலேயே, சில சமயம் அதற்கு முன்பே, சினை பிடிக்கும். சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். வருஷத்துக்கு இரண்டு, மூன்று தடவை குட்டி போடும். ஒரு தடவைக்கு 4 குட்டி, வருஷத்துக்கு 2 தடவை என்றே வைத்துக்கொள்வோம். 8 குட்டியில் பாதி செத்துப்போனாலும் 4 பிழைக்கும். அதில் 2 பெட்டை. அடுத்த வருஷம் தாயோடு சேர்த்து 3 பெட்டை, 24 குட்டி. அதிலும் பாதி பிழைத்தால் 12. முதலில் இருந்த ஒரு பூனை, இரண்டு வருஷத்தில் 17 ஆகிவிட்டது. கடன் வட்டிபோல இதுவும் குட்டி போட்டுக்கொண்டே போகும்.

சாக்கில் கட்டி விட்டால் என்ன ஆகும்?

பலரும் செய்வது இதுதான். குட்டிகளைச் சாக்கில் போட்டு வெட்டாற்றுக்கு அந்தப் பக்கமோ, மார்க்கெட் ஓரத்திலோ விட்டுவிட்டு வருவது. இதனால் பிரச்சினை தீராது. காரணம் மூன்று.

1. கண் திறக்காத குட்டி தாய் இல்லாமல் ஓரிரு நாளில் செத்துவிடும். தாயோ இங்கேயே இருக்கும். சீக்கிரமே மறுபடி சினை பிடிக்கும்.

2. ஒரு தெருவில் இருக்கிற பூனையை அகற்றினால் அந்த இடம் காலியாகவே இருக்காது. மீன் குடல் அங்கேயே கிடக்கிறது அல்லவா? பக்கத்துத் தெருப் பூனை வந்துவிடும்.

3. நாம் அங்கே கொண்டுபோய் விடுவதும், அங்கே இருப்பவர் இங்கே கொண்டுவந்து விடுவதுமாக, ஊர் முழுக்கப் பூனை மாற்று வியாபாரம் நடக்கிறதே தவிர எண்ணிக்கை குறையவில்லை.

விஷம் வைப்பது இதைவிட மோசம். கருவாடு காய்கிற இடத்தில் குருணை மருந்து தடவிய மீனைப் போட்டால் அதைக் கோழி தின்னும், காக்கா தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டு முற்றத்தில் போடும், தவழ்கிற பிள்ளை எடுக்கும். சரக்கோடு கலந்தால் வாங்குகிறவர் உயிருக்கே ஆபத்து.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. பசி, தாகத்தால் துன்பப்படும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விஷம் வைத்துக் கொல்வது, ஊனப்படுத்துவது ஆகியவற்றுக்கு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடம் இருக்கிறது.

சென்னை கற்றுத்தந்த பாடம்

சென்னை மாநகராட்சி பல ஆண்டுகள் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. நாய் குறையவில்லை. 1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு, "கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து அதே இடத்தில் விடுவோம்" என்று 1960-களிலேயே சொன்னது, தானே செய்தும் காட்டியது. மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆகிவிட்டது. நாய்க்குச் சொன்ன அந்த வழிதான் பூனைக்கும் உலகம் முழுக்கச் செய்யப்படுகிறது. பிடிப்பது, கருத்தடை செய்வது, தடுப்பூசி போடுவது, பிடித்த இடத்திலேயே விடுவது. ஆபரேஷன் ஆன பூனை என்று தெரிய மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சிறிதாக வெட்டிவிடுவார்கள். அந்தப் பூனை தன் இடத்தில் இருக்கும். எலி பிடிக்கும். குட்டி மட்டும் போடாது. கடுவனாக இருந்தால் ராத்திரி சண்டையும் கத்தலும், மூத்திர நாற்றமும் பெரும்பாலும் குறைந்துவிடும்.

துருக்கி நாட்டின் இஸ்தான்புல்லும் நம்மைப்போலக் கடலோர ஊர்தான். அங்கே கடைக்காரர்களும் தெருக்காரர்களும் சேர்ந்து பூனைக்குத் தண்ணீரும் தீனியும் வைப்பது வழக்கம். நமக்கும் இது புதிதல்ல. பூனை அசுத்தமான பிராணி அல்ல, வீட்டைச் சுற்றி வருகிற ஜீவன் என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னதாக ஹதீஸ் உண்டு. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானதாகவும் உண்டு. நம் குழுக்களில் பல வீட்டுப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் விஷயம்தான் இது.

குழுவாக என்ன செய்யலாம்?

ஒருத்தி தனியாகச் செய்தால் "பூனைக்காரி" என்பார்கள். செலவும் தாங்காது. இருபது பேர் சேர்ந்து செய்தால் அது தெருவின் வேலை.

முதலில் கணக்கெடுங்கள். தெருவில் எத்தனை பூனை, எத்தனை பெட்டை, எது சினை, எதற்குக் குட்டி இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். நிறம், அடையாளம் குறித்தால் ஒன்றையே இரண்டு தடவை எண்ண மாட்டீர்கள்.

சாப்பாட்டை ஒழுங்கு செய்யுங்கள். ஒரே இடம், ஒரே நேரம், அரைமணி நேரம் கழித்துத் தட்டை எடுத்துக் கழுவிவிட வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வீட்டு வாசல், கருவாடு காயும் இடம் ஆகியவற்றுக்குத் தள்ளியே வையுங்கள். மீன் தலையை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, முள்ளை எடுத்து, சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். தினமும் பச்சை மீனையே போடக் கூடாது. வெங்காயம், பூண்டு கலந்த குழம்புச் சோறு பூனைக்கு ஆகாது. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காமல் பேதியாகும். தண்ணீர் போதும். ஒரே இடத்தில் சாப்பிடப் பழகிய பூனையைத்தான் பிடிக்கவும் முடியும்.

கழிவை மூடுங்கள். மீன் குடலுக்கு மூடியுள்ள வாளி வையுங்கள். கருவாட்டை மணலில் போடாமல் உயரமான தட்டியில் போட்டு, பழைய வலையைச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். பூனையும் காக்காயும் அண்டாது, மண்ணும் ஒட்டாது. சுத்தமான சரக்குக்கு விலையும் கூடும்.

பிறகு ஆபரேஷன். பெட்டைகளை முதலில் கொண்டுபோங்கள். நாகப்பட்டினம் அரசு கால்நடை மருத்துவமனையில் முன்கூட்டியே போய், பூனைக்குக் கருத்தடை வசதி உண்டா, எந்த நாள், என்ன செலவு என்று கேளுங்கள். எல்லா மருந்தகத்திலும் இந்த வசதி இருக்காது. தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். சாக்கில் கொண்டுபோகக் கூடாது, மூச்சு முட்டிவிடும். மூடியுள்ள கூண்டு அல்லது கூடையில் வைத்து மேலே துணி போட்டால் பூனை அமைதியாக இருக்கும். ஆபரேஷனுக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி போடணும், பிறகு எத்தனை நாள் உள்ளே வைத்துப் பார்க்கணும் என்பதை டாக்டர் சொல்படி செய்யுங்கள். பால் கொடுக்கும் தாயாக இருந்தால் குட்டிகள் தானே தின்னப் பழகும்வரை, சுமார் இரண்டு மாதம், பொறுக்க வேண்டும். அதே தடவையில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிடச் சொல்லுங்கள்.

செலவுக்கு வழி? இருபது பேர் மாதம் 10 ரூபாய் போட்டால் 200 ரூபாய், வருஷத்துக்கு 2,400 ரூபாய். சேமிப்புப் பணத்தைத் தொடாமல் தனிக் கணக்காக வையுங்கள். மார்க்கெட் கடைக்காரர்கள், தெருப் பெரியவர்களிடமும் கேட்கலாம். வரவு செலவை மற்றக் கணக்குபோலக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். பகுதிக் கூட்டமைப்பு மூலம் நகராட்சிக்கும் மனு கொடுங்கள்.

குட்டியைக் கண்டால்

உடனே தூக்காதீர்கள். தாய் இரைதேடப் போயிருக்கும். ஆபத்தான இடம் இல்லை என்றால் சில மணி நேரம் தூர நின்று பாருங்கள். தாய் வரவே இல்லை என்று உறுதியானால் மட்டும் எடுங்கள். முதலில் சூடு, பிறகுதான் பால். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டினால் செத்துவிடும். பாக்கெட் பாலைவிட, பூனைக்குட்டிக்கென்றே இருக்கும் பால் பவுடர் நல்லது. கால்நடை மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். மல்லாத்திப் போட்டுப் புகட்டாமல், குப்புறப் படுத்த நிலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சின்னக் குட்டி தானாக மூத்திரம் போகாது. தாய் நக்கிவிடும் வேலையை, ஈரப் பஞ்சால் துடைத்து நாம்தான் செய்ய வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: காய்ச்சல், வலி என்று நினைத்துப் பூனைக்கு பாரசிட்டமால் மாத்திரை கொடுக்கவே கூடாது. சின்னத் துண்டுகூட உயிரைப் பறித்துவிடும். மனித மருந்து எதையும் டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள்.

நம் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்

பூனை கடித்தாலும் பிறாண்டினாலும்: வெறிநோய் நாயால் மட்டும் வருவதல்ல, பூனையாலும் வரும். வந்தபிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். வராமல் தடுப்பது கட்டாயம் முடியும். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் தடுப்பூசி முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள் என நான்கு தடவை. ஆழமான காயம் என்றால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும். "சின்னக் கீறல்தானே" என்று பாதியில் நிறுத்தியவர்களால்தான் விபரீதம் நடக்கிறது.

கர்ப்பிணிகள்: பூனை வீட்டில் இருந்தாலே கருவுக்கு ஆபத்து என்று பயந்து விரட்ட வேண்டாம். டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலம் வழியாக வரலாம். மலம் கிடந்து ஒரு நாளாவது ஆனபிறகுதான் அது தொற்றும். எனவே தினமும் அள்ளிச் சுத்தம் செய்யணும். அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யக் கூடாது, வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். இதே கிருமி சரியாக வேகாத இறைச்சியாலும் கழுவாத காய்கறியாலும் வரும் என்பதையும் மறக்காதீர்கள்.

படை: பூனை உடம்பில் வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் அது தோல்படையாக இருக்கலாம். பிள்ளைகளைத் தொடவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிடிக்காதவரும் சேர வேண்டும்

இந்த வேலைக்குப் பூனைமேல் ஆசை வேண்டும் என்ற அவசியமே இல்லை. கருவாடு காக்கணும் என்பவருக்கும், குட்டி சாவதைப் பார்க்கச் சகிக்காதவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: தெருவில் பூனை குறைவாக இருக்கணும், இருப்பவை நோயில்லாமல் இருக்கணும். பாதிப் பெட்டைகளை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் மீதிப் பாதி ஒரே வருஷத்தில் ஈடுகட்டிவிடும். அதனால் தெரு முழுக்கச் சேர்வது கட்டாயம். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள்தான் கூடிப் பேசிக் கலைந்தன. நாம் கூடினால் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடிப்பவர்கள்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் தெருவில் எத்தனை பூனை? கணக்கெடுக்கும் இரண்டு பேர் யார்?
2. சாப்பாடு வைக்க எந்த இடம்? எந்தக் கிழமை யார் முறை?
3. மீன் கழிவுக்கு மூடியுள்ள வாளி எத்தனை வீட்டில் இருக்கிறது?
4. கால்நடை மருத்துவமனைக்கு விசாரிக்கப் போவது யார், எந்த நாள்?
5. கடந்த ஒரு வருஷத்தில் பூனையோ நாயோ கடித்து, ஊசியைப் பாதியில் நிறுத்தியவர் நம் குழுக் குடும்பங்களில் உண்டா? இருந்தால் நாளைக்கே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.