ரஜூலா மறுபடியும் புறப்பட வேண்டும்

பல்கேரியாவை ஒட்டிய கருங்கடலில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஒரு கிரேக்கப் பாய்மரக் கப்பல் கிடக்கிறது. வயது ஏறக்குறைய 2,400. அந்த ஆழத்து நீரில் பிராணவாயு இல்லை. மரத்தைத் தின்னும் உயிர்களும் இல்லை. அதனால் பாய்மரம், சுக்கான், துடுப்புப் போடுவோர் உட்காரும் பலகை வரை அழியாமல் இருக்கின்றன. 2018இல் இதை அறிவித்த ஆய்வுக் குழுவில் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தாரும் இருந்தார்கள். அவர்கள் கப்பலைத் தூக்கவில்லை. கேமரா பொருத்திய இயந்திரங்களை இறக்கிப் படங்களாக எடுத்துத் தள்ளினார்கள். ஒரே மரத்துண்டு வெவ்வேறு படங்களில் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று கணினி கணக்குப் போட, 23 மீட்டர்க் கப்பல் முப்பரிமாணத்தில் திரையில் எழுந்தது.

மலேசியத் தமிழர்களான நமக்கும் ஒரு கப்பல் இருந்தது. பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் வட்டாரத் தோட்டங்களில் ரஜூலாவின் பெயரைக் கேள்விப்படாத பெரியவர்கள் அரிது. 1926இல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் பட்டறையில் பிறந்த நீராவிக் கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடியது. முதலில் தோட்டத்துக்கு ஆள் வந்தது. 1938இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதை நிறுத்திய பிறகும் ஊருக்குப் போய் வந்தவர்கள், மணமுடித்து வந்த பெண்கள், பிள்ளைகள் என்று ரஜூலா நிறைந்தே வந்தது. அதன் உடன்பிறப்புக் கப்பலான ரோனா 1943இல் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டுக்கு இரையாகி, 1,000க்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களோடு மூழ்கியது. ரஜூலா போரைத் தாண்டியது. 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. கடலடியில் தேட ஒரு பலகைகூட இல்லை.

1917இல் இங்கே தெனமாரத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கிய ஹென்றி ஃபோக்கோனியேயின் பெயர் புத்தகங்களில் நிற்கிறது. கன்று நட்ட தமிழர்களின் பயணம் எங்கே நிற்கிறது? இந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை.

உடைத்த கப்பலையும் கணினியில் கட்டலாம். வரைபடங்களும் பழைய புகைப்படங்களும் இருந்தால் உடம்பு கிடைத்துவிடும். உயிர்தான் கடினம். சைப்ரஸ் கடலில் 1965இல் கண்டெடுத்த கைரீனியா என்ற கிரேக்கக் கப்பலில் குவளையும் கரண்டியும் நான்கு நான்காகக் கிடைத்தன. மாலுமிகள் நால்வர் என்று அறிஞர்கள் ஊகித்தார்கள். பேச ஆளில்லாததால் கரண்டியிடம் கேட்டார்கள். நமக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. நாகப்பட்டினத்தில் படகிலேறிப் போய், கரைக்குத் தள்ளி நின்ற கப்பலின் ஏணியைப் பிடித்தது எப்படி? மேல்தளத்தில் யார் பக்கத்தில் பாய் விரித்தார்கள்? சோறு எப்படி வந்தது? குளிக்க எங்கே போனார்கள் பெண்கள்? இவை எந்த வரைபடத்திலும் இல்லை. 1960களில் பத்து வயதுப் பிள்ளையாக ஏறி வந்தவர்களுக்கு இன்று அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது.

மாதிரியைக் கட்டும் வேலையைப் பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கும் நம் பிள்ளைகள் செய்ய முடியும். அதற்கு முந்திய வேலை நம் வீட்டில் இருக்கிறது. தாத்தாவின் தகரப்பெட்டியைத் திறந்து பழைய பயணச்சீட்டையும் படங்களையும் ஸ்கேன் செய்து வையுங்கள். பாட்டியைப் பேசவிட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஏறிய துறையையும் ஆண்டையும் மறக்காமல் கேளுங்கள். தீபாவளி வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள்.