‘க்ளவுஸ்’: கையால் வரைந்ததா, கணினி செய்ததா?

அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. பிள்ளைகளுக்குக் காட்டப் படம் தேடும் பெற்றோரிடமிருந்து ‘க்ளவுஸ்’ பற்றிக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. கையால் வரைந்தது என்கிறார்களே, பார்த்தால் கணினிப் படம்போல இருக்கிறதே என்பதுதான் பலருக்கும் குழப்பம்.

2019-ல் நெட்ஃப்ளிக்ஸ் வெளியிட்ட இந்தப் படத்தின் இயக்குநர் ஸ்பெயினின் செர்ஹியோ பாப்லோஸ். டிஸ்னியில் ‘டார்சான்’ போன்ற படங்களுக்கு வரைந்தவர். ‘கையால் வரைந்தது’ என்ற விளம்பரத்தை நம்பித் தாளையும் பென்சிலையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கணினித் திரையில், மின்பேனாவால் வரைந்தார்கள். வண்டிகள் போன்ற சிலவற்றை முப்பரிமாணத்திலேயே செய்தார்கள். ஆனால் தபால்காரர் ஜெஸ்பரின் ஒவ்வொரு அசைவும் ஓவியர் போட்ட கோடுதான். கணினிப் படமோ என்று நினைக்க வைப்பது அவர் மேல் விழும் வெளிச்சம்.

பழைய கார்ட்டூன்களில் பின்னணி நுணுக்கமாகத் தீட்டப்பட்டிருக்கும். பாத்திரமோ ஒரே வண்ணத்தில் தட்டையாக, வெட்டி ஒட்டியதுபோல நிற்கும். காரணம் செலவு. விநாடிக்கு 24 பிரேம். ஒவ்வொன்றிலும் நிழலையும் கையால் போட யாருக்குக் கட்டுப்படியாகும்? 1988-ல் ‘ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்’ அதைச் செய்து காட்டியது. ஆனால் அது வழக்கமாகவில்லை.

‘க்ளவுஸ்’ குழு பிரான்ஸ் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து இதற்கென ஒரு மென்பொருளை உருவாக்கியது. ஜெஸ்பரின் நீண்ட மூக்கைப் பாருங்கள். விளக்கு எந்தப் பக்கம், மூக்கின் நிழல் கன்னத்தில் எதுவரை, பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தாடையில் எவ்வளவு என்பதையெல்லாம் ஓர் ஓவியர் தனித்தனி அடுக்காகத் தீட்டுகிறார். தலை திரும்பும்போது, வரைந்த கோடுகளைப் பின்தொடர்ந்து அந்த நிழல்களை மென்பொருள் அடுத்தடுத்த பிரேமுக்கு நகர்த்துகிறது. பிசகும் இடத்தில் ஓவியர் திருத்துகிறார். முப்பரிமாணப் படத்தில் வெளிச்சத்தைக் கணக்கிடுவது கணினி. இங்கே முடிவு ஓவியருடையது; இயந்திரம் பாரத்தை மட்டும் சுமக்கிறது. கலைக்குத் தொழில்நுட்பம் உதவ வேண்டிய முறை இதுதான் என்று நினைக்கிறேன்.

மற்ற கேள்விகள்:

ஏஐ படமா? எழுதிக் கொடுத்தால் படம் தரும் கருவிகள் பரவுவதற்கு முன்பே வந்துவிட்டது.

பல கோடிப் பேர் பார்த்தார்களாமே? இரண்டு நிமிடம் ஓடினாலே பார்த்ததாக நெட்ஃப்ளிக்ஸ் கணக்கு வைத்த காலம் அது.

ஆஸ்கர்? பரிந்துரையோடு சரி, ‘டாய் ஸ்டோரி 4’ வென்றது. பாஃப்டா விருது கிடைத்தது.

கதை நடக்கும் ஊர் உண்மையா? பெயர், ஆர்க்டிக் பகுதியில் 17-ஆம் நூற்றாண்டில் இருந்த டச்சுத் திமிங்கில வேட்டைக் குடியிருப்பை ஒட்டியது. கதை கற்பனை.

சிறுமி மார்கு பேசும்போது வசனவரி வரவில்லையே? கோளாறு அல்ல. அவள் பேசுவது சாமி மொழி. ஜெஸ்பருக்கும் அது புரியாது.

சின்னப் பிள்ளைகள் பார்க்கலாமா? பார்க்கலாம். ஊர்ச்சண்டையும் ஒரு மரணத்தின் துயரமும் உண்டு, கூட உட்காருங்கள்.

படம் முடிந்ததும் அடுத்ததற்குத் தாவும் வசதியை நிறுத்திவிட்டு, பெயர்ப் பட்டியலை முழுதாக ஓடவிடுங்கள். அந்த நிழல்களைத் தீட்டியவர்களின் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன.