கரன்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டுதா? சோலார் போடுவதற்கு முன் வீட்டில் எதை மாற்றணும்? முழு கணக்கு இதோ

சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது எளாவூர். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரி. சிப்காட் வேலையை நம்பி இந்தப் பகுதியில் கான்கிரீட் வீடுகள் பெருகிவிட்டன. மொட்டை மாடி வெயிலில் காய்கிறது, கீழே ஏசி ஓடுகிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரன்ட் பில் பார்க்கும்போதுதான் அதிர்ச்சி.

"சோலார் போட்டுட்டா பில்லே வராது", "கூல் ரூஃப் பெயின்ட் அடிச்சா ஏசியே வேண்டாம்" என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது? எதற்கு எவ்வளவு செலவு? வீட்டு மதிப்பு உண்மையிலேயே கூடுமா? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் பில்லைப் படிங்க: கடைசி யூனிட்டின் விலை என்ன?

தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை கிடையாது. 2024 ஜூலையில் மாற்றியமைக்கப்பட்ட கட்டணத்தை வைத்துப் பார்ப்போம். 2025 ஜூலை உயர்வில் வீட்டு இணைப்புகளுக்கான கூடுதல் தொகையை அரசே ஏற்றுக்கொண்டது.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால்:
• முதல் 100 யூனிட் - இலவசம்
• 101 முதல் 200 வரை - யூனிட்டுக்கு ரூ.2.35
• 201 முதல் 400 வரை - ரூ.4.70
• 401 முதல் 500 வரை - ரூ.6.30

500-ஐத் தாண்டிவிட்டால்:
• முதல் 100 யூனிட் - இலவசம்
• 101 முதல் 400 வரை - ரூ.4.70
• 401 முதல் 500 வரை - ரூ.6.30
• 501 முதல் 600 வரை - ரூ.8.40
• 601 முதல் 800 வரை - ரூ.9.45
• 801 முதல் 1,000 வரை - ரூ.10.50
• அதற்கு மேல் - ரூ.11.55

இதில் கவனிக்க வேண்டியது 500 என்ற கோடு. சரியாக 500 யூனிட் ஓடினால் பில் ரூ.1,805. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் ரூ.2,048. காரணம், 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த ரூ.2.35 சலுகை போய்விடுகிறது.

அதனால், மிச்சப்படுத்தும் யூனிட்டின் மதிப்பு வீட்டுக்கு வீடு வேறு. 180 யூனிட் ஓடும் வீட்டில் பில்லே ரூ.188 தான். அங்கே எவ்வளவு பெரிய செலவு செய்தாலும் திரும்பி வருவது அவ்வளவுதான். 620 யூனிட் ஓடும் வீட்டில் பில் ரூ.3,069. அங்கே குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் விலை உயர்ந்த மேல் அடுக்கிலிருந்து குறைகிறது. பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்பதற்காகப் போடாமல், கடைசி ஆறு பில்களை எடுத்து வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

ஃபேன் மாற்றினால் அவ்வளவு மிச்சமா?

ஆமாம், பல வீடுகளில் முதல் வேலை இதுதான். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்தான். ஒரு ஃபேன் தினமும் 12 மணி நேரம் ஓடுவதாக வைத்தால், 60 நாளில் பழைய ஃபேனுக்கு 54 யூனிட். புதியதற்கு சுமார் 22 யூனிட். ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். நான்கு ஃபேனுக்கு ஏறக்குறைய 130 யூனிட்.

இதையே மேலே சொன்ன 620 யூனிட் வீட்டில் பொருத்திப் பாருங்கள். 130 குறைந்தால் 490. பில் ரூ.3,069-லிருந்து ரூ.1,742-க்கு இறங்குகிறது. ஒரு பில்லில் ரூ.1,327 மிச்சம். ஒரு ஃபேன் ரூ.3,000 என்றால், நான்குக்கும் ஆகும் ரூ.12,000 ஒன்பது, பத்து பில்களில் திரும்பிவிடும். மழைக்காலத்தில் ஃபேன் குறைவாக ஓடும், அப்போது மிச்சமும் குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் 2023 ஜனவரி முதல் கட்டாயம். கடையில் 'எத்தனை ஸ்டார்' என்று மட்டும் கேட்காமல் 'எத்தனை வாட்' என்றும் கேளுங்கள்.

சோக் வைத்த பழைய டியூப் லைட் இன்னும் இருந்தால் அதையும் மாற்றலாம். 20 வாட் எல்.இ.டி. டியூப் போட்டால், தினமும் 6 மணி நேரம் எரியும் ஒரு லைட்டுக்கு இரண்டு மாதத்தில் சுமார் 10 யூனிட் குறையும்.

மொட்டை மாடி: சூடு உள்ளே வரும் வழி

கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்தச் சூட்டை இரவில்தான் வீட்டுக்குள் இறக்குகிறது. ராத்திரி 10 மணிக்கும் மேல்மாடி அறை புழுங்குவது அதனால்தான். ஏசி அந்த நேரத்தில் சண்டை போடுவது மாடியில் தேங்கிய பகல் வெயிலோடு.

இதற்கு நம்ம ஊரில் பழைய வழி ஒன்று உண்டு. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். கொத்தனார்கள் இதை 'வெதரிங் கோர்ஸ்' என்பார்கள். செலவைக் குறைக்க இதைத் தவிர்த்துக் கட்டிய வீடுகளில் சூடும் அதிகம், ஓதமும் அதிகம்.

புதிய வழி, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. வெறும் கான்கிரீட் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பிவிடும். அறை வெப்பம் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம் என்று கணக்கிடப்படுகிறது. ஏசியே தேவைப்படாது என்று அர்த்தம் இல்லை. ஏசி குறைந்த நேரம் ஓடும். பலன் கிடைப்பதும் மேல்தளத்துக்கு மட்டும்தான்.

தெலங்கானா அரசு 2023-லேயே இதற்கென கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்து, அரசுக் கட்டடங்களுக்கும் 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனையில் கட்டும் வீடுகளுக்கும் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

கையில் பணம் குறைவா? சுண்ணாம்பு அடித்தாலும் பலன் உண்டு. ஆனால் ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து, கோடை தொடங்கும் முன் ஜனவரி முதல் மார்ச் வரை அடிப்பது நல்லது.

சிப்காட் பக்கம் இன்னொரு பிரச்சனை, தூசி. வெள்ளைத் தளத்தில் தூசி படிந்தால் அது வெயிலைத் திருப்புவது குறையும். அவ்வப்போது கழுவிவிடணும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ளவர்கள் கவனம்! பூச்சு அடிப்பதற்காக அதைத் தேய்ப்பது, சுரண்டுவது, ஓட்டை போடுவது கூடாது. அதிலிருந்து பறக்கும் நார்த்தூள் நுரையீரலைப் பாதிக்கும். ஷீட் மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்து விழும் ஆபத்தும் உண்டு.

ஏசி: ஸ்டார் மட்டும் போதுமா?

ஏசி லேபிளில் ஸ்டாருக்குப் பக்கத்தில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அது வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில் போட்டது. அதாவது தினமும் 8 மணி நேரம் வீதம் 200 நாள். உங்கள் வீட்டில் கோடையில் மட்டும், இரவில் 5 மணி நேரம்தான் ஓடும் என்றால், 5 ஸ்டாருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரும்ப ரொம்ப வருஷம் ஆகும். ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குபவர்கள் உள்ள வீட்டில் ஏசி அதிக நேரம் ஓடும். அங்கே 5 ஸ்டார் லாபம்.

காசே செலவாகாத வழியும் உண்டு. ஏசியில் ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்கிறது மத்திய எரிசக்தி திறன் செயலகம். 2020 முதல் ஸ்டார் லேபிள் ஏசிகள் 24 டிகிரியை இயல்பு அளவாகக் கொண்டு வருவதும் இதற்காகத்தான். 25-ல் வைத்து, மேலே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போதும்.

மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே நிழல், எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை - இந்த இரண்டும் செய்தால் பழவேற்காடு பக்கமிருந்து வரும் கடற்காற்றை மாலையில் தைரியமாக உள்ளே விடலாம்.

சோலார்: யாருக்கு லாபம்? யாருக்கு அவசரமில்லை?

பி.எம். சூர்யா கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. 2026-27 நிதியாண்டு வரை திட்டக் காலம். மானியம் இப்படி:
• 1 கிலோவாட் - ரூ.30,000
• 2 கிலோவாட் - ரூ.60,000
• 3 கிலோவாட், அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் - ரூ.78,000

நம்ம ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் தினமும் சுமார் 4 யூனிட் தரும். அதற்கு நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும்.

அரசு மானியத்துக்காக வைத்த அடிப்படை விலை, முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா ரூ.50,000; மூன்றாவதுக்கு ரூ.45,000. சந்தை விலை இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஒப்பீட்டுக்காக இதையே வைத்து, மின்வாரியத்தின் இதர கட்டணங்களைச் சேர்க்காமல் ஒரு தோராயக் கணக்கு:

620 யூனிட் வீடு: 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் சுமார் 720 யூனிட் கிடைக்கும். மானியம் போக கைச்செலவு ரூ.67,000. மிச்சம் ஒரு பில்லுக்கு ரூ.3,000-க்கு மேல். நான்கு வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பும்.

300 யூனிட் வீடு: பில்லே ரூ.705 தான். இங்கேயும் 3 கிலோவாட் போட்டால் பணம் திரும்ப 15 வருடத்துக்கு மேல் ஆகும். அதே வீட்டில் 1 கிலோவாட் போதும். கைச்செலவு ரூ.20,000, சுமார் ஐந்து வருடத்தில் திரும்பும்.

180 யூனிட் வீடு: பணம் சேமிப்பதுதான் நோக்கம் என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

மானியம் அதிகம் கிடைக்கிறதே என்று பெரிய பேனலுக்குக் கடன் வாங்குபவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஃபேன், மாடி வேலைகளை முடித்து, பில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு சோலாரின் அளவை முடிவு செய்தால் சின்ன பேனலே போதுமானதாக இருக்கும்.

சோலார் போடும் முன் கேட்க வேண்டியவை

• கரன்ட் போனால் சோலார் ஓடுமா? ஓடாது. மின்வாரிய லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக, நெட் மீட்டர் சோலார் தானாக நின்றுவிடும். புயல் நேரத்தில் வெளிச்சம் வேண்டும் என்றால் பேட்டரியுடன் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதற்குச் செலவு தனி.
• ஸ்டாண்ட் எப்படி? 2016 டிசம்பரில் வர்தா புயல் கரையைக் கடந்தது சென்னை அருகேதான். தளத்தில் ஆழமாகப் பிடித்த ஸ்டாண்ட் வேண்டும். உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காதபடி துத்தநாகப் பூச்சு கொண்ட ஜி.ஐ. அல்லது அலுமினியம் கேளுங்கள். வெறும் இரும்புக்குப் பெயின்ட் அடித்துத் தருவதை ஏற்க வேண்டாம்.
• பேனல் எந்த ஊர் தயாரிப்பு? உள்நாட்டில் தயாரான செல், பேனலுக்கு மட்டுமே மானியம். பில்லில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.
• ஜி.எஸ்.டி. எவ்வளவு? சோலார் கருவிகளுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.
• மாடியில் கசிவு இருக்கா? இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பேனல் ஏறிய பிறகு அதைக் கழற்றி வைத்து வாட்டர்ப்ரூஃப் செய்வது இரட்டைச் செலவு.

விண்ணப்பம் தேசிய இணையதளத்தில், மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துச் செய்ய வேண்டும். அங்கு பதிவான நிறுவனத்தையே தேர்வு செய்ய வேண்டும். பேனல் பொருத்தி, நெட் மீட்டர் வைத்து, ஆய்வு முடிந்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை கையிலிருந்தோ கடனிலோ சமாளிக்க வேண்டும்.

வீட்டு மதிப்பு கூடுமா?

சோலார் உள்ள வீடுகள் சராசரியாக 4.1 சதவீதம் கூடுதல் விலைக்குப் போனதாக அமெரிக்காவில் ஜில்லோ நிறுவனம் 2019-ல் சொன்னது. அந்த எண்ணை அப்படியே கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவர முடியாது. இங்கே வங்கி மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது நிலத்தின் மதிப்பு, கட்டடத்தின் பரப்பு, வயது, நிலை, ஒப்புதல் பெற்ற வரைபடம்.

அதனால் விலையில் பேசக்கூடிய மேம்பாடு எது? ஓதம் இல்லாத சுவர், ஒழுகாத தளம். வீடு பார்க்க வருபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அடுத்தது காகிதம். சோலார் வாரன்டி, மானிய ஆவணம், நெட் மீட்டர் ஒப்புதல், பழைய பில்கள் எல்லாம் ஒரு ஃபைலில் இருந்தால், "இந்த வீட்டுக்கு கரன்ட் செலவு இவ்வளவுதான்" என்று வாங்குபவரிடம் காட்டிப் பேரம் பேசலாம்.

வாடகைக்கு விட்ட வீடு என்றால் கணக்கு வேறு. செலவு செய்வது ஓனர், பில் குறைவது குடியிருப்பவருக்கு. அதனால் பலர் எதுவும் செய்வதில்லை. ஆனால் கோடையில் தங்க முடியாமல் ஆட்கள் காலி செய்துகொண்டே இருக்கும் லைன் வீட்டில், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களே பெரிய நஷ்டம். அங்கே மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது ஓனருக்கும் லாபம்தான்.

சுருக்கமா என்ன செய்யணும்?

1. கடைசி ஆறு பில்லை எடுத்து, எத்தனை முறை 500 யூனிட் தாண்டியது என்று பாருங்கள்.
2. அதிக நேரம் ஓடும் ஃபேனையும் பழைய டியூப் லைட்டையும் முதலில் மாற்றுங்கள்.
3. மழைக்கு முன் மாடிக் கசிவை அடையுங்கள், கோடைக்கு முன் வெள்ளை அடியுங்கள்.
4. ஏசியை 24 அல்லது 25 டிகிரியில் வையுங்கள்.
5. இவ்வளவுக்குப் பிறகும் பில் 400 யூனிட்டுக்கு மேல் நின்றால், வரும் பில்லுக்கு ஏற்ற அளவில் சோலார் போடுங்கள்.

மின் கட்டணமும் மானியமும் நாளைக்கு மாறலாம். அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் செலவு என் பில்லின் எந்த அடுக்கைக் குறைக்கும்?