சும்மா கிடக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல வேலை

எங்கள் திண்டிவனம் வீட்டுக் கூடத்தில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மகன் காலேஜில் படித்தபோது வாங்கியது. அவன் வேலை கிடைத்து பெங்களூர் போன பிறகு, பூப்போட்ட துணியில் அதற்கு ஓர் உறை தைத்து மூடி வைத்தேன். எப்போதாவது கரண்டு பில் கட்டத் திறப்பதோடு சரி. "இடத்தை அடைச்சிக்கிட்டு இருக்கு, பழைய சாமான்காரனுக்குப் போட்டுடலாமா?" என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

2018-ல் என் அண்ணன் மகன் விழுப்புரத்திலிருந்து வந்திருந்தான். "போட்டுடாதீங்க அத்தை. சும்மா இருக்கிற நேரத்துல இது டி.பி. ஆராய்ச்சிக்கு உழைக்கும்" என்றான்.

டி.பி. என்றதும் திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். அதற்கு முந்தின வருஷம்தான் அவருக்கு அந்த நோய் வந்து, அரசு ஆஸ்பத்திரி மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டுக் குணமாகியிருந்தார். இருமலும் காய்ச்சலும்கூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தினமும் வந்து பேசிக்கொண்டிருந்த உறவுக்காரர்கள் வாசலோடு திரும்பினார்களே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அந்தப் பொட்டியை மெட்ராசுக்கு எடுத்துக்கிட்டுப் போகணுமா?" என்று கேட்டார்.

"வேணாம் பாட்டி. அது இங்கேயே இருக்கும். வேலைதான் அதைத் தேடி வரும்" என்றான் அவன்.

டி.பி. விஷயத்தில் வீட்டுக்குப் பெருமை சேர்த்ததே நம் சென்னைதான். முன்பெல்லாம் அந்த நோய் வந்தால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சி மையம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது. அதனால்தான் என் மாமியார் தன் வீட்டிலேயே படுத்து எழுந்திருக்க முடிந்தது. ஆனால் இன்றும் இந்த நோய்க்கு முதலில் தருகிற மருந்துகள் அரை நூற்றாண்டுக்கு முன் கண்டுபிடித்தவைதான். சில கிருமிகள் அவற்றுக்கு அடங்குவதில்லை.

கல்யாண வீட்டு வெங்காயம்

கம்ப்யூட்டருக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்? கல்யாண வீட்டில் நாலு மூட்டை வெங்காயத்தை ஒருத்தி நறுக்க முடியுமா? தெருப் பெண்கள் ஆளுக்கோர் அரிவாள்மனையோடு வந்து உட்கார்ந்தால் பொழுது விடிவதற்குள் முடிந்துவிடும். அதேபோல விஞ்ஞானிகள் ஒரு பெரிய கணக்கைச் சிறு துண்டுகளாக்கி, உலகமெங்கும் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட் வழியாக அனுப்புகிறார்கள். நம் கம்ப்யூட்டர் தன் பங்கைப் போட்டு முடித்து, விடையை அனுப்பிவிட்டு, அடுத்ததை வாங்கிக்கொள்ளும். பல திட்டங்களில் ஒரே துண்டை இரண்டு பேருக்கு அனுப்பி, விடையை ஒத்துப் பார்ப்பார்கள். நம் மிஷின் தப்பு செய்தாலும் குடி முழுகாது.

எங்களுக்கு வந்த வேலை, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2016-ல் தொடங்கிய கணக்கு. டி.பி. கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான தடித்த கவசம் உண்டு. மருந்தை உள்ளே விடாமல் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அந்தக் கவசம் எப்படி மடங்குகிறது, எப்படி அசைகிறது என்பதைத்தான் கம்ப்யூட்டர்கள் கணக்கிட்டன. அந்த வேலையை வீடுகளுக்குப் பங்கிட்ட வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டை 2004-ல் ஐ.பி.எம். கம்பெனி தொடங்கியது. 2021-ல் அதைக் கனடாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்திடம் ஒப்படைத்தது.

இதில் பலன் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க்காக, இதே ஏற்பாட்டில் முப்பது லட்சம் ரசாயனப் பொருள்களைச் சலித்து, மருந்தாகக்கூடியவை என ஏழை மட்டும் தேர்ந்ததாக ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் அறிவித்தார்கள். 2010-ல் அமெரிக்காவில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரும் ஜெர்மனியில் ஒருவரின் கம்ப்யூட்டரும் சேர்ந்து வானத்தில் புதிய பல்சார் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தன. கொரோனா வந்த 2020-ல் லட்சக்கணக்கானோர் ஃபோல்டிங் அட் ஹோம் என்ற திட்டத்தில் சேர்ந்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர்கள் சேர்ந்து அப்போது ஒரு விநாடிக்குப் போட்ட கணக்கை எழுத, ஒன்றுக்குப் பின் பதினெட்டு சைபர் போட வேண்டும்!

எப்படித் தொடங்குவது?

இதற்கான பாயிங்க் என்ற புரோகிராம் இலவசம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. அதன் சொந்த முகவரியிலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்ள வேண்டும். யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் தொடாதீர்கள். பிறகு பிடித்த திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஈமெயிலும் ஒரு பாஸ்வேர்டும் கொடுத்தால் போதும். பேங்க் நம்பர், ஓ.டி.பி. எதுவும் தேவையில்லை. கேட்டால் அது மோசடி. பணமும் வராது, இது தருமக் கணக்கு.

அமைப்புகளில் நாங்கள் செய்தவை: நாம் கம்ப்யூட்டரில் வேலை செய்யும்போது அது ஓடக் கூடாது, பிராசஸரில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை மட்டும் ஓட வேண்டும். நடுவில் கரண்டு போனால் கவலையில்லை. கடைசியாகக் குறித்து வைத்த இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு துண்டுக்கும் சில நாள் கெடு உண்டு. ஆகவே ஊருக்குப் போவதானால், புது வேலை வாங்காதே என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

என் தப்பும் இவர் கணக்கும்

முதல் வாரமே ஒரு கூத்து. தூசி படியுமே என்று, ஓடுகிற கம்ப்யூட்டர் மேல் என் பூப்போட்ட உறையைப் போட்டுவிட்டுப் படுத்தேன். ஃபேன் ஓலமிட்டு, மிஷின் தானாகவே அணைந்துவிட்டது. காற்று போக வழியில்லாமல் சூடேறிவிட்டதாம்! அன்றிலிருந்து உறை பெட்டிக்குள். மாதம் ஒரு முறை கரண்டை நிறுத்திவிட்டு, மெல்லிய பிரஷால் தூசி தட்டுகிறேன். கத்திரி வெயில் முடிகிற வரை அதற்கு லீவு. லேப்டாப் வைத்திருப்பவர்கள் மெத்தை மேல் வைத்து ஓட்டவே ஓட்டாதீர்கள்.

அடுத்து இவர். "நூறு யூனிட்டுக்கு மேலே போனா காசு. யார் கட்டறது?" நியாயமான கேள்விதான். பென்சிலும் பேப்பரும் எடுத்து உட்கார்ந்தோம். மானிட்டரை அணைத்துவிட்டால் எங்கள் கம்ப்யூட்டர் சுமார் 100 வாட். தினம் 4 மணி நேரம், 60 நாளைக்கு 240 மணி நேரம். பெருக்கினால் 24,000, ஆயிரத்தால் வகுத்தால் 24 யூனிட். ஆளில்லாத அறையில் எரிகிற லைட்டையும் ஃபேனையும் அணைத்து முடிந்தவரை ஈடுகட்டுவது என்று முடிவானது. மாத பட்ஜெட் இழுபறியாக உள்ள வீட்டில் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். கடன் வாங்கிச் செய்வது தருமமல்ல. இதற்கென்று புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதும் வீண்.

திட்டங்கள் வரும், போகும். 1999-ல் தொடங்கிய செட்டி அட் ஹோம், வேற்றுலகவாசிகளின் சமிக்ஞையைத் தேடிவிட்டு, 2020 மார்ச்சோடு வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஆகவே அன்றைக்கு எதில் வேலை இருக்கிறது என்று பார்த்துச் சேருங்கள்.

ஒருநாள் ராத்திரி மாமியார் அதன் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இது மருந்து கண்டுபிடிச்சிடுமா?" என்று கேட்டார். "இது ஒண்ணே கண்டுபிடிக்காது அத்தை. கண்டுபிடிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுக் கொடுக்கும்" என்றேன்.

"அது போதும். எனக்கு வந்தது இன்னொருத்திக்கு வந்தா, அவ வீட்டு வாசல்ல நாலு பேர் வந்து நிக்கணும்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று மூடிக் கிடந்தால், முதலில் கரண்டு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கட்டுப்படியானால் உறையைக் கழற்றுங்கள். மறுபடி போட்டுவிடாதீர்கள்!