மழையில் டிவி போவது மேகத்தால் மட்டுமல்ல

ஐப்பசி அடைமழையில் பாரிவாக்கத்து மொட்டை மாடி டிஷ் ஒன்றிலிருந்து வரும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு அப்படியே நின்றுபோகும். மேகம் மறைத்துவிட்டது என்கிறோம். அது பாதிக் காரணம்தான்.

டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 2015 நவம்பரில் ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 93.5 டிகிரி கிழக்கில், சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. அதனால்தான் நம்மூரில் அதைப் பிடிக்கும் டிஷ்கள் தென்கிழக்கே பார்க்கின்றன. அத்தனை தூரம் கடந்து 60 செ.மீ. டிஷ்ஷில் விழும் ஆற்றல், இத்தகைய செயற்கைக்கோள்களுக்கு வழக்கமான திறனை வைத்துக் கணக்கிட்டால், ஒரு வாட்டை லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் ஏறத்தாழ 1.7 பங்கு. இவ்வளவு சொற்பம் போதுமா? போதும். எதிரே நிற்கும் இரைச்சல் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

வெப்பமுள்ள எந்தப் பொருளும் ரேடியோ இரைச்சலை உமிழும். போல்ட்ஸ்மன் மாறிலி, வெப்பநிலை, அலைவரிசை அகலம் மூன்றையும் பெருக்கினால் அதன் அளவு கிடைக்கும். தெளிந்த வானத்தில் டிஷ்ஷும் அதன் முன்னே நிற்கும் பெறுவியான எல்.என்.பி.யும் சேர்ந்து 100 கெல்வின் அளவுக்கு இரைச்சல், அகலம் 30 மெகா ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இரைச்சல் அதே கணக்கில் 0.04 பங்கு. சிக்னல் அதைப்போல் 40 மடங்கு, அதாவது 16 டெசிபல். படம் தெளிவாக வர, ஒளிபரப்பு முறையைப் பொறுத்து, சுமார் 5 முதல் 8 டெசிபல் போதும்.

இப்போது மழை. துளிகள் சிக்னலில் பாதியை விழுங்கினால் 3 டெசிபல்தானே போச்சு? இங்கேதான் மீதிப் பாதி இருக்கிறது. அலையை விழுங்கும் பொருள் தானும் அலையை உமிழும். குளிர்ந்த விண்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்த டிஷ், இப்போது 275 கெல்வின் வெப்பமுள்ள நீர்த்திரையைப் பார்க்கிறது. அந்த 275-இல் பாதி சேர்ந்து, 100 கெல்வின் இரைச்சல் 238 ஆகிவிடும். மொத்த இழப்பு கிட்டத்தட்ட 7 டெசிபல். சிக்னலைத் தின்றதைவிட இரைச்சலைக் கூட்டியதால் வந்த நஷ்டமே அதிகம். இன்னும் கொஞ்சம் வலுத்தால் படம் காலி. பழைய ஆன்டெனா டிவியில் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரிந்தது. டிஜிட்டலில் பிழைதிருத்தம் தாங்கும்வரை தெளிவு, அதைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை.

செட்-டாப் பாக்ஸ் காட்டும் இரண்டு பட்டைகளில் ‘ஸ்ட்ரென்த்’ பெரும்பாலும் இரைச்சலையும் சேர்த்தே அளக்கிறது. அது நிறைந்திருப்பதை நம்ப வேண்டாம். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைச் சொல்வது ‘குவாலிட்டி’ பட்டைதான். டிஷ்ஷை மழையில் ஏறித் திருப்பாதீர்கள். புரட்டாசியிலேயே ஒரு தெளிந்த நாளில் குவாலிட்டியைப் பார்த்து அது உச்சத்துக்கு வரும்வரை திருப்பி வையுங்கள். 90 செ.மீ. டிஷ் போட்டால் இன்னும் 3.5 டெசிபல் கையிருப்பு கிடைக்கும்.