எண்ணெய் வழியே செல்லும் விசை

மோட்டார் வண்டியின் தானியங்கிக் கியர்பாக்ஸைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கழற்றி இறக்கி, அதே இடத்தில் வேறொன்றைப் பொருத்திவிடும் சாமானிய மனிதர்கள் அமெரிக்க தேசத்தில் அநேகர் உண்டு. வேலைக்கூலி மிகுந்த அந்நாட்டில், இதற்காகப் பட்டறையில் கொடுக்கும் தொகை சில சமயம் பழைய வண்டியின் விலையையே விஞ்சிவிடுகிறது. பாரத்தைத் தூக்குவதுதான் இதிலுள்ள பிரதான சிரமம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கருதக்கூடும். ஆனால் யந்திரத்தின் தத்துவத்தை அறிந்தவனுக்கே எதை முதலில் கழற்றவேண்டும், எதைக் கடைசியில் முடுக்கவேண்டும் என்ற கிரமம் புலப்படுகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அதிவேகமாகச் சுழலும் நீராவி டர்பைனையும், நிதானமாகச் சுழலவேண்டிய கப்பலின் உந்துவிசிறியையும் எவ்வாறு இணைப்பது என்ற பிரச்சினையில் ஈடுபட்டிருந்த ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர், ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் தளத்தில் பணிபுரிந்த காலத்தில், இரண்டுக்கும் நடுவே திரவத்தையே விசையின் வாகனமாக நிறுத்தும் சாதனத்துக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். அந்தத் திரவ இணைப்பைக் கொண்ட தானியங்கிக் கியர்பாக்ஸ் 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ரா-மேட்டிக் என்ற பெயரோடு வீதிக்கு வந்தது. விசையைப் பெருக்கவும் வல்ல டார்க் கன்வர்ட்டரை 1948-இல் ப்யூக் காரின் டைனாஃப்ளோ கொணர்ந்தது.

எஃகு உறையொன்றுக்குள் இதழ்கள் பொருந்திய மூன்று சக்கரங்களும் நிறைய எண்ணெயும் அடைபட்டிருப்பதே இந்தக் கன்வர்ட்டர். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் முதற்சக்கரம் எண்ணெயை விளிம்பு நோக்கி வீச, அவ்வேகத்தால் கியர்பாக்ஸின் தண்டைப் பற்றிய இரண்டாம் சக்கரம் சுழல, அதன் இதழ்களில் மோதித் திசைமாறித் திரும்பும் எண்ணெயை நடுவிலுள்ள மூன்றாம் சக்கரம் மீண்டும் அனுகூலமான திசைக்குத் திருப்பிவிடுவதால், நின்றிருக்கும் வண்டி கிளம்பும் தருணத்தில் எஞ்சினின் திருகுவிசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. எஞ்சினுக்கும் வண்டியின் சக்கரங்களுக்கும் இடையே இரும்பு இரும்பைப் பற்றாத இடம் இது.

கழற்றும் கிரமத்துக்கு உதாரணமாக, ஷெவர்லே கார்களில் 1969 முதல் வந்த டர்போ-ஹைட்ராமேட்டிக் 350 என்ற மூன்று வேகக் கியர்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 55 கிலோ. பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைப் பிரித்து, சமதளத்தில் வண்டியை உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்தவேண்டும். ஜாக்கை மாத்திரம் நம்பி அடியில் படுப்பவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. எண்ணெயை வடித்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை அது இருந்த நிலை தெரியும்படி அடையாளமிட்டுக் கழற்றியபின், கேபிள்களும் எண்ணெய்க் குழாய்களும் அதிகச் சிரமமின்றி வந்துவிடும். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமே எஞ்சினின் பின்பாகத்தையும் தாங்குவதால், சட்டத்தை எடுக்குமுன் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கும் எஞ்சினுக்கு அடியில் தனித்தாங்கலும் இருக்கவேண்டும்.

கியர்பாக்ஸின் முன்புற உறையான பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகளைத் தொடுமுன், எஞ்சினின் பின்முனைத் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு கன்வர்ட்டரைப் பிணைக்கும் மூன்று போல்ட்டுகளை, எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாகக் கழற்றுவது அத்தியாவசியம். கன்வர்ட்டர் எஞ்சினோடு தங்கிவிட்டால், கியர்பாக்ஸின் பாரமெல்லாம் எண்ணெய்ப் பம்ப்பின் மெல்லிய சீலின்மீதும் புஷ்ஷின்மீதும் விழுந்து அவற்றைச் சிதைத்துவிடும். கன்வர்ட்டரும் கியர்பாக்ஸும் ஒன்றாகவே பின்னோக்கி வரவேண்டும்.

ஏற்றும் வேலைதான் மனிதனின் பொறுமையைச் சோதிப்பது. ஒரு லிட்டர் அளவு எண்ணெய் ஊற்றிய கன்வர்ட்டரைப் புதிய கியர்பாக்ஸின் முகப்பில் நுழைக்கும்போது அது மூன்று இடங்களில் பற்றவேண்டும்: இரண்டாம் சக்கரம் பற்றும் தண்டின் பல்வரிகளில், நடுச்சக்கரத்தைத் தாங்கும் குழாயின் பல்வரிகளில், இறுதியாகப் பம்ப்பைச் சுழற்றும் பிளவுகளில். மெல்ல அழுத்திச் சுழற்றினால் ஒவ்வொரு பற்றுதலிலும் அது சிறிது உள்ளே இறங்குவதைக் கை உணரும். இரண்டோடு திருப்தியடைந்து, மீதி இடைவெளியை போல்ட்டுகளை முடுக்கி மூடிவிடலாமென்று துணிபவன், ஒரு மைல்கூட ஓடாத பம்ப்பைத் தன் கையாலேயே நொறுக்குகிறான். பெல் ஹவுசிங் கைவிசையாலேயே எஞ்சினின் முதுகோடு முழுதும் ஒட்டவேண்டும். ஒட்டியபின் கன்வர்ட்டர் தடையின்றிச் சுழலவும், ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் வெளி இருக்கவும் வேண்டும். இல்லையேல் எவ்வளவு களைப்பாயினும் மறுபடி இறக்கிப் பார்ப்பதே உத்தமம்.

பலர் மறக்கும் விஷயம் ஒன்றுண்டு. கியர்பாக்ஸின் எண்ணெய் ரேடியேட்டருக்குள் உள்ள குளிர்விப்பானுக்குப் போய்த் திரும்புவதால், பழைய கிளட்ச் தகடுகளின் தூளும் உலோகத் துகளும் அங்கே படிந்திருக்கும். அதைக் கழுவாமல் குழாய்களை இணைத்தால், அந்தக் கசடு புதிய கியர்பாக்ஸின் நுண்ணிய வால்வுகளுக்குள் புகுந்து அதையும் கெடுக்கும்.

கன்வர்ட்டர் நிரம்புவதற்கே நிறைய எண்ணெய் போய்விடுமாதலால், எஞ்சினை ஓடவிட்டவுடன் மேலும் சிறிது சிறிதாக ஊற்றி, எண்ணெய் சூடேறியபின், கைப்பிரேக்கை இழுத்து, பார்க் நிலையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்கவேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு உள்ளதற்கு மேலாகக் காட்டும்.